எக்ஸ்ரேயில் தெரியாத வலி

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருந்தபோது என் வலது தோள் மாதக்கணக்கில் வலித்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. அதனால் நானும் நன்றாக இருப்பதாக சூப்பர்வைசரும் என் மனைவியும் முடிவு செய்தார்கள்.

வலி நிற்காததால் மனைவியோடு பெங்களூர் போய் எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுத்தேன். மூச்சு முட்டியது. பாதியிலேயே வெளியே எடுக்கச் சொல்லிவிட்டேன். "அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பாருங்க, அதுலயும் தசைநார் தெரியும்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

ஓசூருக்கே திரும்பினோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா தோளில் ஜெல் தடவி, கையை மெல்லத் தூக்கச் சொன்னார். திரையில் ஒரு கறுப்பு இடைவெளியைக் காட்டினார். "தசைநார் கிழிஞ்சிருக்குதுங்க."

மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நெசமாத்தான் வலிச்சுதா?"

"ஆமா" என்றேன்.

பஸ்ஸில் பையை அவளே தூக்கிக்கொண்டாள். மறுநாள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் எனக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்.