ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்த பூங்கொடி

இங்கே வடக்கு ஸ்வீடனில் பலர் ‘ஆமாம்’ என்று வாய் திறந்து சொல்வதில்லை. ‘ஷ்ஷுப்’ என்று மூச்சை உள்ளே இழுக்கிறார்கள், அவ்வளவுதான். வந்த முதல் வாரம், “இந்த மிஷினைக் கழற்றட்டுமா?” என்று மேலாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் மூச்சை இழுத்தார். நெஞ்சுவலியோ என்று பதறி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அவரும் நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டார். மிஷின் கழற்றப்படாமல் நிற்க, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ‘ஆமாங்க’வோடு நாலு ‘சரிங்க’வும் சேர்த்து வாங்கிப் பழகிய பல்லடத்துக்காரனுக்கு இந்த ஊர் சிக்கனம் பிடிபட வெகுநாள் ஆயிற்று.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெக்கானிக்காக இருந்தவன் நான். கம்பளி உள்ளாடை பின்னும் சிறிய தொழிற்சாலை ஒன்று இங்கே அழைத்துக்கொண்டது. மனைவி பூங்கொடி அதே திருப்பூர்க் கம்பெனியில் செக்கிங் பொறுப்பாளர். நாங்கள் பழகியதே அவளுடைய ஸ்டிக்கரால்தான். துணியில் எங்கே குறை இருந்தாலும் சிவப்பு அம்புக்குறி போட்ட குட்டி ஸ்டிக்கரை அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவது செக்கிங்காரர்கள் வழக்கம். என் மிஷினில் ஊசி உடைந்து கோடு விழுந்த துணியில் பதினோரு அம்பு ஒட்டி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நிட்டிங் பக்கம் வந்தவள் அவள். “ஏனுங்க, கண்ணைத் தொறந்து வெச்சுட்டுத்தான் ஓட்டறீங்களா?” என்று கேட்டாள். அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

இரண்டாயிரங்களின் கடைசியில் ஒரு குளிர்காலத்தில், மூன்று மாத லீவு போட்டு அவள் இங்கே வந்தாள். “பார்த்துட்டு வந்துடறேன்” என்றுதான் கம்பெனியில் சொல்லியிருந்தாள். அந்த மூன்று மாதத்துக்குள் இங்கேயே இருக்கச் சம்மதிக்க வைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். மதியம் இரண்டரைக்கே இருட்டுகிற ஊரில், ஜன்னலோரம் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருப்பவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திட்டம் எனக்கே பொய்யாகத் தெரிந்தது.

அதனால்தான் சனிக்கிழமைகளில் அவளை மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குக் கூட்டிப் போனேன். எங்கள் பேக்கிங் பிரிவில் இருக்கும் உல்லா என்ற அம்மாள் ஒரு கிளப்பின் செயலாளர். பனிக்காலத்தில் ஒரு பழைய கிடங்குக்குள் மண்ணைக் கொட்டி, மேடு பள்ளம் கட்டி, பகலிலேயே விளக்குப் போட்டுப் பந்தயம் விடுவார்கள். என்னிடம் பழைய டிஜிட்டல் கேமரா இருப்பது தெரிந்து, படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். ஃப்ளாஷ் கூடாது, ஓட்டுகிறவர்களுக்குக் கண் கூசும். விளக்கோ மஞ்சளாய் அழுது வடியும். ஷட்டரை வேகமாக வைத்தால் படம் கறுப்பு, மெதுவாக வைத்தால் வண்டி வெறும் இழுபட்ட கோடு, கேமராவின் வெளிச்ச அளவைக் கூட்டினால் படம் முழுக்க ரவை தூவியதுபோலப் புள்ளி. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தேறவில்லை. பிறகுதான் நிட்டிங் மிஷின் நினைவுக்கு வந்தது. சுற்றுகிற துணியில் ஒரு ஓட்டையைப் பிடிக்க வேண்டுமானால் கண்ணை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, துணியோடு கூடவே ஓட விட வேண்டும். அப்படியே வண்டியோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே அமுக்கினேன். பின்னணியும் சக்கரமும் இழுபட, ஓட்டுகிறவன் மட்டும் தெளிவாக வந்து விழுந்தான். பத்து வருட மிஷின் வீண்போகவில்லை.

பிரின்ட் போட்ட படங்களைச் சமையலறை மேசையில் பரப்பியதும், பூங்கொடி கைப்பையிலிருந்து எதையோ எடுத்தாள். அதே அம்பு ஸ்டிக்கர் சுருள். ஊறுகாயை மறந்துவிட்டு வந்தவள் இதை மறக்கவில்லை. ஹெல்மெட் பாதி வெட்டுப்பட்ட இடத்தில் ஒன்று, ஓரத்தில் யாருடைய கையோ நுழைந்த இடத்தில் ஒன்று, இழுபட்ட சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. முழுக்கக் கறுத்துப்போன ஒரு படத்தை மட்டும் ஒட்டாமல் தள்ளி வைத்தாள்.

“அதுக்கு இல்லையா?” என்றேன்.

“அது ரிஜெக்ட்டுங்க. ரிஜெக்ட்டுக்கு எதுக்குங்க ஸ்டிக்கரு? ஆல்ட்டர் பண்ணிச் சரியாக்கற பீசுக்குத்தான் ஒட்டுவோம்.”

படங்களை வாங்க வந்த உல்லா, அம்புகளைப் பார்த்து மூச்சை இழுத்தாள். “ஐயோ, அந்தம்மாவுக்குக் கஷ்டமாப் போச்சாட்ட இருக்குது” என்று பூங்கொடி எழுந்தே விட்டாள். சரி என்கிறாள் என்று விளக்கி உட்கார வைத்தேன். சக்கரம் இழுபட்டால்தான் வண்டி ஓடுவது தெரியும், இல்லாவிட்டால் நிறுத்தி வைத்ததுபோல இருக்கும் என்றாள் உல்லா. தமிழில் சொன்னேன். “நிறுத்தி வெச்சா என்னங்க, பார்க்க லட்சணமா இருக்குமில்லீங்க” என்றாள் பூங்கொடி. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை. கடைசிச் சுற்று. கூட்டம் மொத்தமும் எழுந்து குதித்தது. எனக்கு எதிர்ப்புறம், கம்பித் தடுப்பைப் பிடித்தபடி, சேலைக்கு மேல் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவள் நின்றாள். கேமராவைத் தடுப்பின் மேல் அசையாமல் வைத்து, ஷட்டரை மிக மெதுவாக விட்டு, வண்டியை விட்டுவிட்டு அவளை எடுத்தேன். வண்டிகள் வெறும் வெளிச்சக் கோடு. சுற்றிலும் நின்றவர்களுக்கு முகமே இல்லை, கையும் தலையும் புகையாகக் கலைந்திருந்தன. அவள் மட்டும் மூக்குத்திவரை தெளிவு. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இதைப் பார்த்தால் மனம் மாறிவிடுவாள் என்றுகூட நினைத்தேன், அவ்வளவு அசடு.

“இத்தனை பேருக்கு நடுவுல நீ எவ்வளவு அழகா தெரியற பாரு” என்று நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்தாள். அம்பு தன் முகத்தைக் காட்டும்படி ஒட்டினாள்.

“எல்லாரும் ஓடறாங்க, நான் மட்டும் நிக்கறனுங்க. செக்கிங்ல இதைத்தான் மொதல்ல புடிப்பேன்.”

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அவள்மேல் இல்லை, அந்த விளக்கின்மேல், அந்தக் குளிரின்மேல். இருந்துவிடேன் என்று கேட்க நினைத்த வாய் திறக்கவே இல்லை. புதன்கிழமை விமான நிலையத்தில் மப்ளரை என் கழுத்தில் சுற்றிவிட்டு, “நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் மூச்சை உள்ளே இழுத்தேன். அப்படிச் செய்தேன் என்பதை அவள் உள்ளே போன பிறகுதான் கவனித்தேன்.

ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே கம்பெனியில் எடுத்த படம். மாலை போட்ட நிட்டிங் மிஷின், விபூதிப் பட்டை, சந்தனம், பொட்டலப் பொரி, செக்கிங் பெண்கள் எல்லாரும் பட்டுச்சேலையில் ஆடாமல் அசையாமல் வரிசையாக நிற்கிறார்கள். ஃப்ளாஷ் போட்டு எடுத்த, எந்தக் குறையும் இல்லாத படம். ஓரத்தில் பூங்கொடி. அவளுக்குப் பக்கத்தில், வருடாவருடம் பூஜைப் படத்துக்கு நான் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு.

அப்போதுதான் அவள் சமையலறையில் சொன்னது எனக்கு உறைத்தது. ரிஜெக்ட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில், பந்தயத்தில் அவளை எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டுமே ஆல்ட்டருக்குப் போக வேண்டியவை. எந்த ஊரில் உட்கார்ந்து தைப்பது என்பதுதான் எங்கள் இருவருக்கும் இன்னும் தெரியவில்லை.