கொட்டாஞ்சேனையில் சேர்ந்த என் பொயின்ட்ஸ்

போன வருடம் தைப்பொங்கலுக்கு இரண்டு கிழமைகள் இருக்கும்போது, கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில் இது தொடங்கியது.

அங்கே பில் போடும்போது போன் நம்பரைச் சொன்னால் பொயின்ட்ஸ் சேரும். நான் அதில் கொஞ்சம் கஞ்சத்தனம். "பொயின்ட்ஸைக் கழிக்கவா, மிஸ்?" என்று கேட்டால் உடனே வேண்டாம் என்றுவிடுவேன். ஒரு பிளெண்டர் வாங்குவதற்காக வருடக்கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த பிளெண்டர், சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் ஓடும். "நீ பொயின்ட்ஸ் சேர்த்து முடிக்கேக்க எனக்குப் பல்லெல்லாம் கொட்டியிருக்கும். பிறகு சோத்தையும் அதிலதான் அரைக்க வேணும்" என்று என் கணவர் நக்கலடிப்பார்.

அன்றைக்கு ஏதோ நினைப்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். காசாளர் பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். "கொடக் தியெனவா, மிஸ்" என்றாள். சிங்களத்தில், நிறைய இருக்கிறதாம். எட்டிப் பார்த்தேன். பாதி பிளெண்டருக்குப் போதும் என்று நான் நினைத்திருக்க, முழு பிளெண்டரும் வாங்கி மிச்சமும் பிடிக்கும் அளவுக்கு இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்த எண்ணம், இவர்கள் பிழையைக் கண்டுபிடிப்பதற்கு முன்னர் வாங்கிவிட வேண்டும் என்பதுதான். ஆனால் அந்தக் கிளையில் பிளெண்டர் முடிந்துவிட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து போனைத் திறந்தேன். சாமான் வாங்கும்போதெல்லாம் கடையிலிருந்து ஒரு மெசேஜ் வரும். விளம்பரமாக இருக்கும் என்று நான் அவற்றைத் திறந்து பார்ப்பதே இல்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தால், பெரும்பாலான சனிக்கிழமைகளில், காலை பதினொரு மணியளவில், கொட்டாஞ்சேனைக் கிளையில் என் நம்பருக்கு யாரோ சாமான் வாங்கியிருக்கிறார்கள். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியது கிடையாது.

"ஆரோ என்ர நம்பரைக் களவெடுத்திட்டினம்!" என்றேன்.

"களவெடுக்கிறவன் எடுத்துக்கொண்டெல்லோ போவான்? இவன் வைச்சிட்டுப் போறான்" என்றார் கணவர்.

அவர் சிரித்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. யாரோ தன் நம்பரில் ஒரு எண்ணை மாற்றிச் சொல்லி, தனக்குச் சேர்வதாக நினைத்து வருடக்கணக்கில் எனக்குச் சேர்த்துக்கொண்டிருந்தால்? அந்த வீட்டிலும் ஒருத்தி என்னைப்போல் எதையாவது வாங்கக் காத்திருப்பாள்தானே. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த பொயின்ட்ஸில் கைவைக்க முடியாது என்று தோன்றியது. அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

கொட்டாஞ்சேனைக் கிளையில் காசாளர்களுக்குப் பக்கத்திலேயே பிஸ்கட் அடுக்கு இருந்தது. அங்கே நின்று ஒவ்வொரு பக்கெட்டாக எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். செக்யூரிட்டிக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பதினொன்று கடந்து சிறிது நேரத்தில், நாலைந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் வந்தார். அரிசி, பருப்பு, சவர்க்காரம், ஒரு பால்மா பக்கெட். காசாளர் நம்பரைக் கேட்டார். அந்தப் பெண் என் நம்பரைச் சொன்னார். முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரைக்கும், ஓரிடத்திலும் தடுமாறாமல்.

பில்லை வாங்கிக்கொண்டு அவர் திரும்பும்போது குறுக்கே போய் நின்றேன்.

"அது என்ர நம்பர்" என்றேன். குரல் கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது.

அவர் பயப்படவில்லை. என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துபோனது. "அக்கா, நீங்களா? அன்னைக்கு மாஸ்க் போட்டிருந்தீங்க, மொகம் தெரியல. ஆனா கொரல் அதேதான். வெள்ளவத்தையில எனக்கு பால்மா குடுத்தீங்களே!"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பால்மாவுக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடாக இருந்த நாட்கள். ஆளுக்கு ஒரு பக்கெட்தான். வெயிலில் வரிசையில் நின்று, கடைசிப் பக்கெட்டை நான் எடுத்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் இவர்தான். இடுப்பில் இந்தப் பிள்ளை, அப்போது கைக்குழந்தை. கொட்டாஞ்சேனையில் எங்கேயும் கிடைக்காமல் பஸ் ஏறி வந்ததாகச் சொல்லி அழுதார். பில் போட்ட கையோடு அந்தப் பக்கெட்டை அவரிடம் கொடுத்தேன். மாஸ்க்குக்குள்ளால் நான் சொன்ன நம்பர் காசாளருக்குக் கேட்காமல், இரண்டு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதை இவர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிக்கொண்டே வந்து, வீட்டுக் கலண்டரில் எழுதிவைத்தாராம்.

"எனக்குன்னு சேத்து என்ன செய்யப் போறேன்? உங்களுக்குச் சேரட்டும்னு சொல்லிருவேன். போன் பண்ண ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. தொந்தரவுதானே" என்றார்.

எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல, வெட்கம். அந்த நாளின் மற்றப் பாதி எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அந்தப் பக்கெட்டைச் சும்மா கொடுக்கவில்லை, முழு விலையையும் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். அதற்கான பொயின்ட்ஸும் எனக்கே சேர்ந்தது. அதைவிட, அன்றைக்கு என் அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் நாலு பால்மா பக்கெட்டுகள் இருந்தன. கணவர் ஒரு வரிசையிலும் நான் ஒரு வரிசையிலும் நின்று சேர்த்தவை. எங்கள் வீட்டில் பால் குடிக்கும் குழந்தையும் இல்லை, எல்லாம் எங்களுடைய தேநீருக்குத்தான்.

இதைச் சொல்லாமல் திரும்பிப் போயிருந்தால் அவருக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது. ஆனால் சொல்லாமல் அந்த பொயின்ட்ஸைத் தொடவும் முடியாது. அந்த இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்துவிட்டு, "வாங்கோ, இந்த பொயின்ட்ஸ் எல்லாத்துக்கும் உங்களுக்கே சாமான் வாங்குவம்" என்றேன்.

அவர் சாமான் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு எல்லார் வீட்டுலயும்தான் ஒளிச்சு வெச்சிருந்தாங்க, அக்கா. எனக்குக் குடுத்தது நீங்க மட்டும்தான்" என்றார். பிறகு, "உங்களுக்குன்னு சேத்தத நானே எடுத்தா நல்லாவா இருக்கும்? நீங்க என்ன வாங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

பிளெண்டர் என்று சொல்லவே நாக்கூசியது. அவர் விடவில்லை. என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், மூன்று பிளெண்டர்களைத் தூக்கிப் பார்த்து, ஜாடி பிளாஸ்டிக்காக இருந்ததை ஒதுக்கி, கண்ணாடி ஜாடி உள்ளதைத் தெரிவு செய்தார். மிச்ச பொயின்ட்ஸில் பிள்ளைக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்க மட்டும் சம்மதித்தார். அவருடைய போன் நம்பரிலேயே அவருக்கும் ஒரு கணக்குத் திறக்கவைத்து, "இனி உங்கட நம்பரைச் சொல்லுங்கோ" என்றேன். பெரிதாகத் தலையாட்டினார். பிளெண்டர் பெட்டியைப் பஸ் வரை தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தான்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு என் போனில் மெசேஜ் வந்தது. கொட்டாஞ்சேனைக் கிளை. இந்த முறையும் என் நம்பரையே சொல்லியிருக்கிறார். இப்படியும் ஒரு மனம் இருக்குமா என்ற மலைப்பு எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

நான் அரைகுறையாகச் செய்த ஒன்றை அவர் முழு நன்மையாகவே மனதில் வைத்திருக்கிறார். அதன் மீதி நன்மையையும் செய்து முடிக்காமல் இனி என்னால் இருக்க முடியாது.