மேக்ஸ் போட்ட ஆடு

மேக்ஸ் போய்விட்டான். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லையாம்... அவன் மனைவி இப்போதுதான் போன் செய்தாள்.

2000-களின் தொடக்கத்தில் பெங்களூரில் எஃப்.எம். கேட்டவர்களுக்கு ஆர்.ஜே. மேக்ஸைத் தெரியும். அவன் முழுப் பெயர் மாசிலாமணி, பெங்களூர் நீலசந்திராவிலேயே வளர்ந்த தமிழன் என்பது பல பேருக்குத் தெரியாது.

அந்த ஸ்டேஷனில் நான் அவனுக்கு புரொட்யூசர். வேலூரிலிருந்து வந்து சேர்ந்த முதல் வேலை. நேயர்களின் போனை எடுப்பது, பாட்டை வரிசைப்படுத்துவது, மேக்ஸைத் திட்டுவது... எல்லாம் என் டிபார்ட்மென்ட்.

அப்போது தனியார் எஃப்.எம். ஊருக்கே புதுசு. அரசாங்க வானொலி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த ஊரில் திடீரென்று நாள் முழுக்க இங்கிலீஷ் பாப். மேக்ஸ் "ஹலோ பேங்களூர்" என்று ஆரம்பித்தால் அந்த 'ஹ'வில் மைக்கே நனைந்துவிடும்.

ஒரு காலேஜ் பெண் போனில் "ஆர் யூ ஃப்ரம் லண்டன்?" என்று கேட்டாள். "நியர்பை" என்றான் படுபாவி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அப்புறம் விளம்பரக்காரர்கள் இந்தி கேட்டார்கள், இந்தி வந்தது. அதோடு சண்டையும் வந்தது. கர்நாடகத்தில் உட்கார்ந்துகொண்டு கன்னடப் பாட்டே போடாமல் இது என்ன ரேடியோ என்று பேப்பரில் எழுதினார்கள்.

நியாயமான கேள்விதானே? ஆனால் மும்பையிலிருந்து வந்திருந்த எங்கள் ஸ்டேஷன் ஹெட்டுக்கு அது ஏறவே இல்லை. கன்னடம் போட்டால் 'கிளாஸ்' போய்விடுமாம். மண்ணாங்கட்டி கிளாஸ்!

எதிர்ப்பு பலமானதும் பயந்துபோய் சாயங்காலம் மட்டும் ஒரு மணி நேரம் கன்னடம் என்றார். எங்கள் ஆர்.ஜே.க்களில் கன்னடம் சரளமாகப் பேசியவன் மேக்ஸ் ஒருத்தன்தான். அவனை உட்கார வைத்தோம்.

அங்கேதான் வந்தது வினை.

கன்னடத்தில் பாட்டுக்கு 'ஹாடு' என்று பெயர். மேக்ஸுக்கு இங்கிலீஷில்தான் 'ஹ' வரும், அது சம்பளத்துக்குப் பழகியது. கன்னடம் தெருவில் கோலி விளையாடிக் கற்றுக்கொண்டது, அதில் 'ஹ' கிடையாது. 'ஹ' போனால் 'ஆடு'... கன்னடத்திலும் அது நம்ம ஆடுதான், அதே நாலு கால், அதே தாடி.

"முந்தே ஒந்து ஒள்ளே ஆடு பர்த்தா இதே!" என்றான் உற்சாகமாக. அடுத்து ஒரு நல்ல ஆடு வருகிறது. போதாததற்கு, "ஈ ஆடு நம் எல்லர ஃபேவரிட்!" இந்த ஆடு நம் எல்லோருக்கும் பிடித்ததாம்.

போன் பற்றிக்கொண்டது. பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் கன்னடத்தைக் கிண்டல் செய்கிறீர்களா என்று கொதித்தார்கள். ஒருத்தர், "தமிழ்நவனா? நின் ஊரிகே ஹோகு" என்று கத்திவிட்டு வைத்தார். தமிழனா, உன் ஊருக்கே போ என்று... ஸ்பீக்கரில் அது மேக்ஸுக்கும் கேட்டுவிட்டது.

மறுநாள் வாசலில் சிவப்பு மஞ்சள் கன்னடக் கொடிகளோடு ஒரு கூட்டம். ஸ்டேஷன் ஹெட் உடனே முடிவெடுத்துவிட்டார். மேக்ஸ் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதோடு வேலையை விட்டுப் போக வேண்டும்.

மேக்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"எந்த ஊருக்குப் போறது ஜெயா? எங்கப்பா பொறந்ததே நீலசந்திரா. இங்கேர்ந்து ஒரே பஸ்ஸு... அதுக்கு மேல எனக்கு ஊரு இல்லம்மா."

நேற்று வந்த நானே இந்த ஊரில் இருக்கலாமாம், இவன் போக வேண்டுமாம்.

கூட்டத்தின் தலைவரை மேலே கூட்டிவந்தார்கள். மண்டியா பக்கத்து மனிதர், வெள்ளைச் சட்டை, கணீர்க் குரல். நுழைந்ததும் மேஜையைத் தட்டினார்.

"தினா பூரா கன்னட ஆடு ஆக்ரீ! ஒள்ளே ஒள்ளே ஆடு ஆக்ரீ!"



நாள் முழுக்க ஆடு போடச் சொல்கிறார்! அதுவும் நல்ல நல்ல ஆடாக! நான் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன். ரிசப்ஷனிஸ்ட் சவிதாவால் அடக்க முடியவில்லை, வெடித்துவிட்டாள்.

"யாக்ரீ நக்தீரா?" ஏன் சிரிக்கிறீர்கள் என்று முறைத்தார். சவிதா தயங்கித் தயங்கி கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். நேற்று மேக்ஸ் செய்த தப்பு என்ன, அதற்காக அவனை வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்று.

அவர் மேக்ஸைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

மனிதர் சிரித்தார் பாருங்கள்... தொப்பை குலுங்க, மேஜையைப் பிடித்துக்கொண்டு.

"அய்யோ, நம் ஊரல்லூ ஆடே கண்ரீ!" எங்கள் ஊரிலும் அது ஆடுதான் என்று சொல்லிவிட்டு, மேக்ஸின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "இவ்ன் நம்மோனே! இவ்னன்ன யாக்ரீ கள்ஸ்தீரா?"

இவன் நம்ம ஆளு, இவனை ஏன் அனுப்புகிறீர்கள்? மும்பைக்காரருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சவிதா இங்கிலீஷில் சொன்னதும் அசட்டுச் சிரிப்போடு தலையாட்டினார்.

அன்று சாயங்காலமும் மேக்ஸ்தான் மைக்கில். கொஞ்ச காலத்தில் ஸ்டேஷன் முழுக்கக் கன்னடமாகிவிட்டது, இங்கிலீஷ் ஆர்.ஜே.க்கள் ஒவ்வொருத்தராகக் கிளம்பிவிட்டார்கள். இவன் மட்டும் இருந்தான், ஸ்டேஷன் மூடும்வரைக்கும்.

அன்றைக்கு ஷோ முடிந்து வெளியே வந்தவன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். "நம்மோனேன்னுட்டாருல்ல ஜெயா... எல்லார் முன்னாடியும் சொன்னாருல்ல?"

சொன்னார்டா. எல்லோருக்கும் கேட்டது.

நாலு மணிக்கு நீலசந்திரா வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். ஆட்டோவில் போய்க்கொண்டே டைப் செய்கிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். டிரைவர் எஃப்.எம். போட்டிருக்கிறார்... நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை.

போய்ட்டு வா மாசிலாமணி.