பொட்டு வைத்த முற்றுகை

பழைய வரைபடங்களைச் செப்பனிடும் தொழிலில் கரையானுக்குக்கூட அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை. படத்தின் மேல் பாசம் வைத்திருக்கிற மனிதருக்குத்தான் பயப்பட வேண்டும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு, முகத்தில் பாதியை மூடிக்கொண்டு, தும்மியபடியே காலம் தள்ளும் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

உத்திரமேரூருக்கு ஆட்கள் கல்வெட்டைப் பார்க்க வருகிறார்கள். கல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நான் பார்த்துக்கொள்வது துணியை. பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு மண்கோட்டை இருந்தது, பதினாறாம் நூற்றாண்டில் அதை ஒரு படை முற்றுகையிட்டது, அந்த முற்றுகையை யாரோ ஓர் ஓவியர் மூன்று துணிப் படங்களாக வரைந்து வைத்தார் என்கிறார்கள். கோட்டை இப்போது ஒரு மேடு. மேட்டின் மேல் செல்போன் கோபுரம். படங்கள் மூன்றும் மூன்று வீடுகளில் இருந்தன. அவற்றை வாங்கி, சுத்தம் செய்து, அந்தக் கிராமத்து நூலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது ஓர் அறக்கட்டளை எனக்குக் கொடுத்த வேலை. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காவாந்தண்டலம் போகும் வழியில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முற்றுகைக் கதையை எனக்குச் சொன்னவர் அந்த ஊர்க்காரர் எதிராஜன். மூன்றாவது படம் அவர் வீட்டில்தான் இருக்கிறது. எதிரிப் படை ஏரியின் மேற்குக் கரையில் பாசறை போட்டுத் தண்ணீரை மறித்தது. எதிராஜனின் முன்னோர்கள் கோட்டைக்குள் இருந்து தாக்குப்பிடித்தார்கள். படை பின்வாங்கியபோது விட்டுவிட்டுப் போன கூலியாட்களின் வம்சம்தான் இன்று ஏரிக்கரைத் தெருவில் இருப்பது. இதுதான் கதை. சொன்னவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. கதையைப் பல வருடங்களாகச் சந்தேகிக்கிறேன். அந்தச் சந்தேகம் துணியிலிருந்து வந்ததா, என் சுபாவத்திலிருந்து வந்ததா என்று அதையும் சந்தேகிக்கிறேன்.

தாங்கும் சார்

முதல் படம் சாலவாக்கத்தில், கோபால் என்பவர் வீட்டில். படத்தைக் காப்பாற்ற ஆள் வருகிறார் என்று தெரிந்ததும், நான் வருவதற்குள் அவரே காப்பாற்றிவிட்டார். மகளின் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு போகும்போது இதையும் எடுத்துப் போய், பஸ் நிறுத்தத்துக் கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மெஷினில் நுழையாததால் படத்தை நான்காக வெட்ட வேண்டியிருந்ததாம். வெட்டு சரியாகக் கோட்டையின் நடுவில் போயிருந்தது. எந்தப் படையாலும் பிளக்க முடியாத கோட்டை என்று சொல்வார்கள்.

பிளாஸ்டிக்குக்குள் மாட்டிய பழந்துணியை வெளியே எடுப்பது எப்படி என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்; அதாவது, முடியாது என்று தெரியும். நான் நான்கு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வியப்பு என்று எடுத்துக்கொண்ட கோபால், ஒரு துண்டைச் சுண்டிக் காட்டினார்.

"இனிமே எந்தப் படை வந்தாலும் தாங்கும் சார்."

அப்ரூவல்

இரண்டாவது படம் திருமுக்கூடலில், சகோதரர்கள் இரண்டு பேருக்குப் பொதுவானது. பொது என்பதால் ஒருவர் தொட்டால் மற்றவர் கோபித்துக்கொள்வார். அதனால் யாரும் தொடாமல் நல்ல நிலையில் இருந்தது. ஒரு குடும்பச் சண்டைக்கு நான் மனதார நன்றி சொன்னது அன்று மட்டும்தான்.

அதைக் கட்டிலில் விரித்துப் போட்டோ எடுக்கும்போது அந்த வழியாக வந்த மனை வியாபாரி ஒருவர் எட்டிப் பார்த்தார். மூன்று ஆறுகளும் கூடும் இடம், வயல், பாதை, கோட்டை, அகழி எல்லாவற்றையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். தொட வேண்டாம் என்று கெஞ்சினேன். எல்லையெல்லாம் இவ்வளவு தெளிவாக வரைந்த படத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். இது பதினாறாம் நூற்றாண்டு என்றேன். அவர் அகழியை இன்னொரு தடவை விரலால் தடவினார்.

"லே-அவுட் நல்லாத்தான் கீது. அப்ரூவல் வாங்கிட்டாங்களா?"

பொது

மூன்று வீட்டாரையும் நூலகத்தில் உட்காரவைத்து ஒரு கூட்டம் போட்டோம். படங்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த இடம் அவரவர் வீடு என்பதிலும் மூவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பொதுப் பாரம்பரியம் என்றால் என்ன என்று நான் பேசிய பேச்சுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. கைதட்டி முடித்ததும் திருமுக்கூடல்காரர்களில் மூத்தவர் எழுந்து, என் கருத்தை முழுக்க ஆதரித்தார்.

"பொதுன்னா எல்லாருக்கும்தான் சார். அத்தொட்டுதான் எங்க வூட்ல பூட்டி வெச்சிக்கினு கீறோம்."

வீட்டில் அரைத்த குங்குமம்

கூட்டத்துக்குப் பிறகு எதிராஜன் அப்படியெல்லாம் பேசவில்லை. அவர்தான் முதலில் படத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டவர். படத்தை எடுத்து விரித்ததும் நான் அசந்துபோனேன். நான்கு மூலையிலும் சிவப்பு வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, கொத்துக் கொத்தாக. நடுவில் ஒரு கொத்து. ஏரியின் மேற்குக் கரையில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு சிவப்புத் திட்டு.

விசாரித்தேன். ஆயுத பூஜை அன்று கதிர் அரிவாள், பம்ப்செட், டிராக்டர் சாவி எல்லாவற்றோடும் இந்தப் படத்தையும் சாமி முன்னால் விரித்து வைத்துப் பொட்டு வைப்பது வழக்கமாம். போன வருடப் பொட்டு மங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த வருடப் பொட்டு. அது துணியை அரிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைத் தேற்றினார்.

"கடைக் குங்குமம் இல்ல சார். மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு வூட்லயே அரைக்கறது. எங்க நைனா வெச்சாரு, அவங்க நைனா வெச்சாரு, ஒண்ணும் ஆவல."

வளர்கிற படை

இந்தப் படத்தை ஆராய்ச்சி செய்யப் பட்டணத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். நல்ல மனிதர், சிவப்பு வட்டங்களைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். ஒவ்வொரு வட்டமும் ஒரு பாசறை என்றார். நான்கு மூலையிலும் படை, நடுவில் ஒரு முன்னணிப் படை: இவ்வளவு ஒழுங்காகச் சுற்றி வளைத்த முற்றுகை அந்தக் காலத்தில் வேறெங்கும் இல்லை என்று ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார். மேற்குக் கரையில் இருந்த பெரிய திட்டுக்கு 'முதன்மைப் பாசறை' என்று பெயரிட்டார். எதிராஜனின் கதைக்கும் கட்டுரைக்கும் அப்படி ஒரு பொருத்தம். கதையை நம்பிக் கட்டுரை வந்ததா, கட்டுரைக்குப் பிறகு கதை திருத்தமானதா என்று என்னால் கடைசிவரை பிரிக்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்து எண்ணியபோது பாசறைகள் கூடியிருந்தன. இடையில் இரண்டு ஆயுத பூஜைகள் போயிருந்தன என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, குறிப்பேட்டில் புதிய எண்ணிக்கையை எழுதிக்கொண்டார்.

"முதல் தடவை நான் சரியாக எண்ணவில்லை போலிருக்கிறது. வரலாறு பொறுமையாகத்தான் பிடிபடும்."

நாற்று

நூலகத்தில் மாட்ட ஃபிளெக்ஸ் பலகை ஒன்று தயாரானது. படத்தைக் கொடுக்கிறவர் சொல்கிற விளக்கத்தையே பலகையில் போடுவது அறக்கட்டளையின் விதி. அப்படித்தான் மாதிரிப் பிரதியில் 'எதிரியின் முதன்மைப் பாசறை (இன்றைய ஏரிக்கரைத் தெரு)' என்ற வரி வந்தது. அந்தத் தெருக்காரர் ஸ்டெல்லா. நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். அந்த வார்டின் உறுப்பினரும் அவர்தான். மாதிரிப் பிரதியின் போட்டோ அதற்குள் ஊர் வாட்ஸப்பில் சுற்றிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் அவருடைய மகளைப் பார்த்து, இன்னா எதிரிப் படை, ஸ்கூலுக்கா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அன்றிலிருந்து நூலகப் பக்கம் போகவில்லை.

ஸ்டெல்லா என்னிடம் சண்டை போட வரவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் விதிமுறைகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். பலகை மாட்டிவிட்டால் பிறகு அதுவே சரித்திரம் ஆகிவிடும், கழற்ற மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அது உண்மை. இந்தப் பக்கத்தில் ஒருமுறை மாட்டிய பலகை காற்றில் கிழிந்தால்தான் உண்டு. நான் என்னுடைய சந்தேகங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டார்.

"சந்தேகத்த நீங்க வெச்சிக்குங்க சார். நாங்க எதிரின்னா, எங்கள கூப்ட்டு எதுக்கு வருஷா வருஷம் நாத்து நட வுடறாங்க?"

எலுமிச்சம்பழம்

அதன் பிறகுதான் நான் வேலையில் இறங்கினேன். அதற்கு முன் ஏன் இறங்கவில்லை என்று யோசித்தால் நல்ல பதில் எதுவும் வரவில்லை. எதிராஜன் வீட்டுக்கே போய், படத்தின் மடிப்பில் உதிர்ந்து கிடந்த சிவப்புத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்தேன். மூலையில் உதிர்ந்தது ஒன்று, நடுவில் உதிர்ந்தது ஒன்று, மேற்குக் கரையில் உதிர்ந்தது ஒன்று. கோட்டை மதிலுக்கு ஓவியர் பூசிய காவி ஒன்று. எல்லாவற்றிலும் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு. சுண்ணாம்பு சேர்ந்து சிவந்த மஞ்சள், புளிப்புப் பட்டால் திரும்ப மஞ்சளாகிவிடும், காவி அசையாது. மதில் அசையவில்லை. மற்ற மூன்றும் மஞ்சளாகிவிட்டன. பேராசிரியரின் மொத்தப் படையும் ஓர் எலுமிச்சம்பழத்துக்குத் தோற்றது.

படத்தைத் தூக்கி, பின்னால் விளக்கைப் பிடித்தேன். மேற்குத் திட்டுக்கு அடியில் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. குடிசைகள். எதிராஜனின் தெருவில் வீடுகளை வரைந்த அதே கை, அதே வளைவு. குடிசைகளைத் தாண்டித்தான் அகழி போகிறது. அதாவது அந்தத் தெரு வெளியே இல்லை. முற்றுகையிடப்பட்டவர்களோடு உள்ளே, ஒரே தாகத்தில் இருந்திருக்கிறது.

படம் பிற்காலப் பிரதியாக இருக்கலாம், ஓவியர் தப்பாக வரைந்திருக்கலாம் என்று எல்லாம் எனக்கு நானே வாதாடினேன். ஆனால் கோட்டைக்கு வெளியே பாசறை என்று சொல்லும்படி அந்தத் துணியில் எதுவுமே மிச்சமில்லை. முற்றுகையிட்டவர்கள் மற்ற இரண்டு படங்களிலும் இல்லை; அவர்களை வரைய ஓவியர் மறந்தாரா, கிடைக்காமல் போன நான்காவது படம் ஒன்றில் வரைந்தாரா, தெரியாது. எதிராஜனைக் கூப்பிட்டு, மேற்குப் பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டேன். குனிந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"அங்க இன்னா கீது, வெறும் துணிதான்."

இந்த வருடப் பூஜை

எதிராஜன் சம்மதித்தால்தான் பலகையின் வாசகம் மாறும். பூஜை முடிந்ததும் படத்தை எடுத்துப் போகலாம், மூலைப் பொட்டு, நடுப் பொட்டு எல்லாவற்றையும் துடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். மேற்கே இருப்பதை மட்டும் தொட வேண்டாம் என்றார். ஏன் என்றால், நைனா வைத்தது. மற்றதும் நைனா வைத்ததுதானே என்று நான் அப்போது கேட்கவில்லை. பூஜைக்கு என்னையும் அழைத்தார், போனேன். பலகை மறுநாள் மாட்டுவதாக ஏற்பாடு. ஸ்டெல்லா காலையிலேயே ஒருமுறை போன் செய்து, இன்னா சார் ஆச்சு என்று கேட்டுவிட்டிருந்தார்.

பொரியும் சுண்டலும் வாசனையடிக்க, டிராக்டருக்கு மாலை போட்டாகிவிட்டது. எதிராஜன் ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு, நெல் வண்டிக்காரரோடு பேசியபடியே பொட்டு வைத்துக்கொண்டு போனார். பம்ப்செட்டுக்கு ஒன்று, அரிவாளுக்கு ஒன்று. படத்தின் நான்கு மூலைக்கும் பார்க்காமலே வைத்தார். ஒன்று துணியில் படாமல் தரையில் விழுந்தது, அதையும் கவனிக்கவில்லை. நடுப் பொட்டு கோணலாக விழுந்தது. பிறகு, அப்புறம் பேசறேன் என்று போனை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, மேற்குக் கரையின் மேல் குனிந்தார். குடிசைகள் இருக்கும் இடத்தின் ஓரம் பிசகாமல், மெதுவாக, விரலை உருட்டி உருட்டி வைத்தார். எழுந்து கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். எனக்குச் சுண்டல் கொடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

இத்தனை வருடம் துணியைத் துருவித் துருவிப் பார்த்தவன் ஒரு தடவை துணிக்கு எதிரே நிற்கும் ஆளைப் பார்த்திருந்தால் எலுமிச்சம்பழம் மிச்சமாகியிருக்கும். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டேன்:

"எதிராஜண்ணே, மத்த பொட்டுக்கெல்லாம் போடாத கண்ணாடிய இது ஒண்ணுக்கு மட்டும் இன்னாத்துக்குப் போட்டீங்க?"