ரோட்டுக்குக் கீழே பெர்சிஸ்

திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருந்த பெர்சிஸ் கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்றபோது, தெருவே அவளை 'மேயரம்மா' என்று கூப்பிட்டது. பாதி கிண்டல், பாதி பாசம். நிஜமாகவே மேயராக்கி உட்கார வைத்தாலும் அவள் முதலில் கேட்கப்போவது ஒன்றைத்தான்: புது ரோடு போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுக்க வேண்டும். மேம்பாலம், அடுக்குமாடி, பூங்கா எல்லாம் அப்புறம்.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அவள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். தாருக்கு மேல் தாராகப் போட்டுப் போட்டு ரோடு வளர்ந்துவிட்டது. படியேறிப் போன வீட்டுக்குள் இப்போது இறங்கித்தான் போக வேண்டும். ஜன்னலில் தெரிவது போகிறவர்களின் கால்கள் மட்டும். பட்டப்பகலில் லைட் எரியும். இந்த லட்சணத்துக்கு வளர்ச்சி என்று பேர்.

பக்கத்து வீட்டு ரஷீது, மழைக்கு மழை தண்ணீர் இறைத்து அலுத்துப்போய், வீட்டை விற்றுவிட்டு எம்.கே.பி. நகருக்குக் குடிபோனார். வாங்கிய ஆள் அதை இடிக்கவில்லை. கட்டட இடிபாட்டை ஜன்னல் வழியாகக் கொட்டிக் கூரை வரை அடைத்து, அதன் மேலேயே புது வீடு எழுப்பிவிட்டார்.

அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்த்தார்கள். எலி நுழையக்கூட இடமில்லாமல் கல்லும் மண்ணும் அடைந்து கிடந்த இடத்தில். பெர்சிஸ் அதைக் கணவன் ஹென்றியிடம் சொன்னாள்.

"கன்டெய்னர் லாரி போற அதிர்வா இருக்கும்," என்றார் அவர். "பேசாம நாமளும் ரொப்பிட்டு மேல கட்டிக்கலாம். நீ தோத்துட்டின்னா மறுநாளே லாரிய வரச் சொல்லிடறேன்."

அன்றிலிருந்து அவள் பேய் பிடித்தவள் மாதிரி அலைந்து ஓட்டுக் கேட்டாள். பேசிப் பேசித் தொண்டை கட்டி, குரல் கரகரத்துப் போனது.

வாக்குப்பதிவு அன்று மத்தியானம் ரஷீதின் மனைவி மரியம் வந்திருந்தாள். வீடு மாறினாலும் ஓட்டு இன்னும் இங்கேதான் இருந்தது. பெர்சிஸ் அவளை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் காது வைக்கச் சொன்னாள். மரியம் வெகுநேரம் கேட்டாள். பயந்த மாதிரியே தெரியவில்லை.

"அது நான்தான்க்கா," என்றாள். "தேச்ச குண்டானக் கவுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு தட்டுவேன். என் கை எனக்குத் தெரியாதா? நான் இங்கியேதான் கீறேன் போல. அங்க குடிபோனது யாருன்னுதான் தெரியல."

பெர்சிஸ் தோற்றாள். டெபாசிட்டும் போச்சு. ஜெயித்தவர் நன்றிக்கடனாக அந்தத் தெருவுக்கே முதலில் ரோடு போட்டுக் கொடுத்தார், பழையதன் மேலேயே. முதல் மழையில் சாக்கடை கட்டிலைத் தொட்டது. ஹென்றி லாரிக்குச் சொன்னபோது அவள் தடுக்கவில்லை. சாமான்களை வாடகை வீட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.

இடிபாட்டு லாரி வந்து நின்றது. முதல் கூடையைக் கொட்டப்போன ஆள் ஜன்னலருகே குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"யம்மா, உள்ள யாருனா கீறாங்களா? இரு, இருன்னு கொரலு கேக்குது."

ஹென்றி பெர்சிஸைத் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்தது, ஓட்டுக் கேட்ட நாட்களில் கேட்ட அதே தொண்டை கட்டிய பெண்குரல்.

"யாரும் இல்லப்பா," என்றாள் பெர்சிஸ். "நீ கொட்டு."