குமுளிக்குப் போன ஐயா

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்து திராட்சை இலையில் காய்ந்தால் ஒரு வாசனை வரும். ஈரச் சுவரும் பழைய செம்புக் குடமும் சேர்ந்தாற்போன்ற அந்த வாசனை எங்காவது மூக்கில் பட்டுவிட்டால், நான் போன வேலையை மறந்து சற்று நேரம் அங்கேயே நின்றுவிடுகிறேன். எங்கள் தோட்டம் சின்னமனூருக்குத் தெற்கே இருந்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் பன்னீர் திராட்சைக் கொடி படர்ந்த பந்தல். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது பந்தலுக்குள் மட்டும், கிணற்றுத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்ப்பது போல ஒரு பச்சை வெளிச்சம் இருக்கும். அதில் எல்லார் முகமும் கொஞ்சம் அழகாகத் தெரியும், எங்களைத் திட்டிக்கொண்டிருக்கும் முகங்கள் உட்பட.

அந்தப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் 'கேசட் பேசுவோம்'. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, துபாயில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். விடுமுறையில் ஊருக்கு வந்த உத்தமபாளையத்துக்காரர் ஒருவரிடம் ஒரு டேப் ரெக்கார்டரையும் ஒரு கேசட்டையும் கொடுத்தனுப்பினார். கடிதம் எழுத அப்பாவுக்குச் சோம்பல், அத்தைக்கு எழுத்தே தெரியாது. எனவே வீட்டுச் செய்தியெல்லாம் குரலாகவே போகட்டும் என்று முடிவாயிற்று. வீட்டை ஒட்டி மாவு மில் ஓடியதால் அங்கே எதைப் பேசினாலும் மில்தான் முதலில் பேசும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போய், நடுவில் பெட்டியை வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம்.

ஒரே கேசட்தான் போய்ப் போய் வரும். சித்தப்பா பேசியதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே நாங்கள் பேசி அனுப்புவோம்; நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே அவர் பேசி அனுப்புவார். இன்னொரு கேசட் வாங்கி இதை எடுத்து வைக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காதில் விழுந்த பிறகு ஒரு பேச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அன்றைய நினைப்பு.

பேச்சில் முதலிடம் அத்தைக்கு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் கணவர் சீக்கிரமே போய்விட, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, தாயில்லாத சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு மூச்சு விடத்தான் இடம் கிடைக்கும். ஆனால் அவளுடைய பேச்சுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தூரத்தில் இருப்பவனுக்கு நல்லது மட்டும்தான் போகவேண்டும். ஆலங்கட்டி மழையில் பிஞ்செல்லாம் உதிர்ந்த வருடம், "காய் நல்லாப் பிடிச்சிருக்கு தம்பி" என்றாள். என் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, "ஒன் மதினி கொஞ்சம் நெறம் கூடித் தெரியிறா" என்றாள், அம்மாவை வைத்துக்கொண்டே. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் எல்லாம் அப்போது இதுதான் வழக்கம். ஏன் என்று கேட்டால் அத்தை சொல்வாள்: "அங்கன ஒத்தையில உக்காந்து அழுவான். கண்ணத் தொடைச்சுவிட ஆளு இருக்கா?"

இப்படி இருக்கையில், சித்தப்பா துபாய்க்குப் போன அந்த வருடமே ஐயா இறந்துபோனார். அப்பாவின் தகப்பனாரை வீடு முழுக்க 'ஐயா' என்றுதான் சொல்வோம். சில நாள் காய்ச்சல், அவ்வளவுதான். என்னையும் தம்பியையும் பண்ணைப்புரத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது அவர் கட்டில் காலியாக இருந்தது. காரியங்கள் முடிந்த பிறகு அப்பா சொன்னார்: "ரெண்டு வருசத்துக்கு அவன விடமாட்டாக. பாஸ்போர்ட்டும் கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு. தெரிஞ்சு என்ன செய்வான்?" அடுத்து துபாய்க்குத் திரும்பிய உத்தமபாளையத்துக்காரர் வீட்டுக்கு அப்பா நேரில் போய், "அண்ணே, அங்கன போயி வாயத் தொறந்துறாதீக" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவரும் திறக்கவில்லை. அந்த வழியாகப் போனவர்கள் வந்தவர்கள் ஒருவரும் திறக்கவில்லை. அரைப்படி அரிசி கடன் வாங்கினாலே ஊர் முழுக்கச் செய்தி பரவுகிற பக்கத்தில் இப்படியும் ஒரு ரகசியம் தங்கியது.

சித்தப்பா எப்படிச் சந்தேகப்படாமல் இருந்தார் என்று நீங்கள் கேட்கலாம். ஐயா உயிரோடு இருந்தபோதே அந்தப் பெட்டி முன்னால் வாயைத் திறக்கமாட்டார். "பெட்டிகூட என்னத்தப் பேச?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து வாய்க்கால் பக்கம் போய்விடுவார். அவரைப் பற்றி எப்போதுமே அத்தைதான் சொல்வாள். ஆகவே அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையும் அவளே சொன்னாள். "ஐயா குமுளிக்குப் போயிருக்காக தம்பி. ஏலக்கா வெல விசாரிச்சுட்டு வாரேன்னு காலையிலயே கெளம்பிட்டாக." குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஐயா ஊர் சுற்ற ஆரம்பித்தார். உயிரோடு இருந்தபோது சின்னமனூர்ச் சந்தையை அதிகம் தாண்டாத மனிதர், செத்த பிறகு சுருளி அருவியில் குளித்தார், வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி பார்த்தார், தேவதானப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் பாயசம் போதவில்லை என்று சண்டை போட்டார். முழங்கால் வலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. அத்தை இதையெல்லாம் முன்கூட்டி யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. பந்தலைப் பார்த்துக்கொண்டு, எதிரே நடப்பதைச் சொல்வது போலச் சொல்வாள். கேட்கக் கேட்க எனக்கு எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது கலங்கிப் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குமுளி பஸ் எதிரே வந்தால், ஜன்னலோரத்தில் ஐயாவின் வெள்ளைத் தலைப்பாகை தெரிகிறதா என்று பார்ப்பேன். சில நாள் தெரிந்ததாகவே நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

பதிலுக்குச் சித்தப்பாவின் குரல் வரும். "ஐயா, முழங்காலுக்கு நல்ல தைலம் வாங்கி வச்சிருக்கேன். வரும்போது கொண்டாரேன். குளுருல குமுளிக்கெல்லாம் போகாதீக." இலையிடுக்கில் விழும் வெயில் பெட்டி மேல் ஆடிக்கொண்டிருக்கும். நாங்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டோம்.

கெடு முடிந்து சித்தப்பா ஊருக்கு வந்தபோது, பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் வழியில் அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டார். சித்தப்பா வீட்டுக்கு வராமல் நேரே தோட்டத்துக்குப் போய்ப் பந்தலுக்குள் நின்றார். பின்னாலேயே ஓடிய அத்தையிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "முழங்கால் வலி கொறஞ்சிருச்சுன்னு சொன்னியேக்கா?" அதன்பிறகு அவர்களுக்குள் சண்டையும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார், அத்தை கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். ஐயா எப்படிப் போனார் என்று அவர் கேட்கவே இல்லை, இவள் சொல்லவும் இல்லை. அந்தக் கேசட்டில் பிறகு யாரோ சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டார்கள்.

இப்போது பந்தல் இருந்த இடம் வீட்டுமனையாகிவிட்டது. கல்தூண்களில் இரண்டு மட்டும் ஒருவர் வீட்டு வாசலில் கேட்டுக்குத் துணையாக நிற்கின்றன. மாவு மில் ஓய்ந்துவிட்டது. அப்பா போனார், சில வருடங்களுக்கு முன் சித்தப்பாவும் போனார். அத்தை மட்டும் இருக்கிறாள், எண்பதைத் தாண்டி, காது சற்று மந்தமாகி, வாய் மட்டும் அப்படியே. சித்தப்பாவின் மகள் மலர் ஆஸ்திரேலியாவிலிருந்து என்னிடம் கேட்டாள்: "அத்தை கதைய எல்லாம் ரெக்கார்டு பண்ணி அனுப்புக்கா. எம் பிள்ளைகளுக்கு, அதுக பிள்ளைகளுக்கு வேற யாரு சொல்லுவா?" எனக்கும் அது சரியென்று பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேனியிலிருந்து போய், செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து அத்தையைப் பேசச் சொன்னேன்.

பேசினாள். முதல் பஸ் வந்தது, முல்லையாற்றில் நீந்தியது, பாம்பைக் கயிறென்று பிடித்தது எல்லாம் அருவியாக வந்தது. சில வாரம் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது: அத்தையின் கதையில் யாரும் சாவதே இல்லை. அவள் கணவர் ஏதோ ஜோலியாக வெளியூர் போனவராகவே நின்றுவிட்டார். ஐயா இன்னும் திருவிழாவில் இருந்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இதைக் கேட்டால் பேரன் பேத்திகள் நம் குடும்பத்தில் யாருக்கும் சாவே கிடையாது என்றல்லவா நினைப்பார்கள்?

"இதக் கேக்கப்போறதுக எங்கன இருக்குக?" என்றாள் அத்தை.

"சிலது ஆஸ்திரேலியாவுல. மத்ததெல்லாம் இன்னும் பொறக்கவே இல்ல அத்தை."

"அப்ப அது ஆஸ்திரேலியாவவிடத் தூரம். அம்புட்டுத் தூரத்துக்கு எதுக்கு அழுகைய அனுப்பச் சொல்ற?"

செல்போனை எடுத்துப் பைக்குள் வைத்தேன். பிறகு, மனதில் பட்டதை அப்படியே சொன்னேன். "ஐயா எப்படிப் போனாகன்னு மலர் கேக்குறா அத்தை. சித்தப்பாவுக்கே தெரியாதாம். கடைசி நாள் அப்பாவும் சந்தையில இருந்தாரு, பக்கத்துல நீங்க மட்டுந்தான் இருந்தீக. நீங்களும் சொல்லாமப் போயிட்டா அவரு குமுளிக்கே போனவராத்தான் இருப்பாரு." அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று காப்பி குடிக்கச் சொல்லக்கூட இல்லை. வயசான மனுஷியை நோகடித்துவிட்டோமே என்று பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது குளித்து, வெளுத்த சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். "எடு அந்தப் போன" என்றாள். மலரிடம் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பேசியது வேறு ஆளிடம்.

"தம்பி, அக்கா பேசுறேன். ஐயா இல்லப்பா. செத்துப்போயிட்டாக. கொடி வெட்டிக் கவாத்து முடிஞ்ச கையோட காய்ச்சல்ல படுத்தாக. கடசி நாளு புத்தி தடுமாறிப் போச்சு. 'சின்னவன் எங்கத்தா, சின்னவன் எங்கத்தா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. துபாயில இருக்கான்னு சொன்னா வெளங்கல. தொலச்சுட்டியான்னு அழுதாக. பெறகு நாந்தான், 'குமுளிக்குப் போயிருக்கான் ஐயா, சாயங்கால வண்டிக்கு வந்துருவான்'னேன். சரின்னாக. வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தாக. வண்டி வர்ற நேரத்துக்கு முந்தியே போயிட்டாக. அந்தப் பொய்ய மொதல்ல அவுககிட்டதான் சொன்னேன் தம்பி. அவுக அழுகைய அது நிப்பாட்டுச்சு. அதான் ஒனக்கும் அதையே சொன்னேன்."

சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "முழங்கால் வலி கொறையல. கடசி வரைக்கும் இருந்துச்சு" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அத்தை அழவில்லை, செய்தி சேர்ந்துவிட்டதா என்பது போல அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவை வெட்டாமல், ஒட்டாமல், மூச்சு கேட்ட அந்த நேரத்தோடு சேர்த்து அங்கேயே மலருக்கு அனுப்பினேன்.

"போயிருச்சா?"

"போயிருச்சு அத்தை."

"அழுவாளா?"

"அழுவா."

அத்தை காலை மெதுவாக நீட்டிக்கொண்டாள். "அழட்டும்" என்றாள். "தெரிஞ்சு அழட்டும்."