பேசச் சொன்ன குற்றம்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பந்தாட்டமும் நோர்வேக்கு வந்தபின், ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள மைதானத்தில் நின்று பார்த்துப் பிடிபட்டதுதான். ஆனாலும் எங்கள் தமிழ்க் கழகத் தலைவரைவிட எனக்குக் கூடுதலாகத் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் யார் யாருக்குச் சொந்தம் என்பது மட்டும்.

எங்கள் கீழறையில் வாடகைக்கு இருந்த பொறியியலாளர் கோயம்புத்தூர்க்காரர். தனியாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை விட்டால் அவருக்கு இங்கே மனிதத் துணை இல்லை. நடுவில் நின்று, வந்த பந்தை வைத்துக் கொஞ்சாமல், ஓடுகிறவன் காலுக்குப் பார்த்துக் கொடுப்பார். முன்னுக்கு நின்ற இரண்டு பேர் கோல் அடித்துப் பெயரெடுத்ததெல்லாம் அவர் கொடுத்த பந்தில்.

கோடைப் போட்டிக்கு ஆள் எடுத்தபோது அவரை விலக்கிவிட்டு, தலைவர் தன் மருமகனைச் சேர்த்தார். மருமகனும் முன்னுக்குத்தான் நிற்பாராம். நான் நேரே போய்க் கேட்டேன்.

"அக்கா, அந்தாள் விளையாடேக்கை எங்கடை ஆக்களைப் 'பேசுங்க, பேசுங்க' எண்டு கத்துறார். ஒருத்தரை ஒருத்தர் பேசினால் கழகம் உருப்படுமோ?"

நாங்கள் விட்டு வந்த ஊரில் பேசுவதென்றால் ஏசுவது. அவர் ஊரில் அது சும்மா வாய் திறந்து கதைப்பது. இவ்வளவு காலம் ஒன்றாக விளையாடியும் இது தலைவரின் காதில் ஏறவில்லை.

"தம்பி, அவர் கதைக்கச் சொன்னவர். பின்னாலை ஆள் வாறான், பந்தை இஞ்சாலை விடு எண்டு சொல்லச் சொன்னவர். விளங்காட்டில் என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"ஓம் அக்கா. ஆனா பெயர் குடுத்தாச்சு."

பெயர் கொடுத்தாச்சாம்.

போட்டியன்று எதிர் மைதானத்தில் முன்னுக்கு மூன்று பேர் பேருந்துக்கு நிற்பதுபோல் நின்றார்கள். நடுவில் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை. பின்னால் நின்றவர்கள் தூக்கித் தூக்கி அடித்த பந்து எல்லாருடைய தலைக்கும் மேலால் போனது. மருமகன் இரண்டு கையையும் விரித்து வானத்தைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிகவும் மரியாதையாகத் தோற்றார்கள். என் பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர்க்காரர் கடைசி வரை பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

மூன்றாம் நாள் தலைவர் கோயம்புத்தூர்க்காரரைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். இருவரையும் இருத்தித் தேநீர் கொடுத்தேன்.

"தம்பி, அடுத்த ஆட்டத்துக்கு நீர் வரவேணும். நடுவிலை நீர்தான்."

"அப்ப உங்க மருமகன்?"

"அவர் முன்னுக்கு நிக்கட்டும். பின்னாலை ஒராளைக் குறைப்பம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோயம்புத்தூர்க்காரர் சிரிக்கவில்லை.

"இல்லீங்க. பக்கத்துல நோர்வேக்காரங்க டீம்ல சேந்துட்டனுங்க. சனிக்கிழமை மேட்ச் இருக்குது."

"அங்கை உமக்குப் பாஷை தெரியாதே?"

"கத்துக்கறேனுங்க."

தலைவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லுவேன் என்று. அவர் பாதி குடித்து வைத்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன்.